புளியம் விளாரும் தேன் துளியும்

திண்டிவனத்துக்கு அந்தப் பெயர் வந்த காரணத்தை இவ்வூர்ச் சிறு பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். ‘திந்திரிணி’ என்றால் வடமொழியில் புளியமரம். திந்திரிணி வனம் நாளடைவில் திண்டிவனம் ஆயிற்று. இங்கே கோயில் கொண்டிருக்கும் இறைவனுக்கும் திந்திரிணீசுவரர் என்றுதான் திருநாமம். வனம் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அது இருந்த இடத்தில் மணிலா மண்டிகளும் அரிசி ஆலைகளும் வந்துவிட்டன. சென்னைக்குப் பறக்கும் பஸ்கள் ஊருக்குள் வராமலே போய்விடுவதற்குப் புறவழிச் சாலையும் வந்துவிட்டது. ஆனால் என் பாட்டனார் பிள்ளையாய் இருந்த நாளில் மரங்களுக்குக் குறைவில்லை. ஆகவே திண்ணைப் பள்ளிக்கூடத்து அண்ணாவிக்கு விளாருக்கும் குறைவில்லை.

பாட்டனார் எண்சுவடி முழுவதையும் தலைகீழாகச் சொல்லுவார். எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கும்போது வேஷ்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டி, “இது பெருக்கல் வாய்பாட்டுத் தழும்பு, இது கீழ்வாய் இலக்கத்துத் தழும்பு” என்று பெருமையோடு விளக்குவார். படிப்பு இனிக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. படித்தால் பின்னால் இனிக்கும் என்று மட்டும் சொல்லுவார். இவ்விரண்டு வாக்கியத்துக்கும் உள்ள தூரத்தை நான் வெகு நாள் கவனிக்கவில்லை. இந்த ஆண்டு ஆனி மாதத்தில்தான் கவனிக்க நேர்ந்தது.

என் தம்பி இவ்வூரில் மணிலா மண்டி வைத்திருக்கிறான். அவனுக்கு ஒரே பெண். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்குகள் வாங்கினாள். அவள் டாக்டராக வேண்டும் என்பது அவள் பிறந்த நாளிலேயே வீட்டில் தீர்மானமாகிவிட்ட விஷயம். அதற்கென்று இருக்கும் ‘நீட்’ பரீட்சையை ஒரு முறை எழுதினாள், போதவில்லை. ஒரு வருஷம் முழுவதும் வெளியூரில் தங்கிப் பயிற்சி பெற்று மறுபடியும் எழுதினாள், அப்போதும் போதவில்லை. இரண்டாவது முடிவு வெளிவந்த அன்று அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்கு இவ்வளவு பயம் உண்டாகியிராது. சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நாள் வீட்டில் அவள் குரலே கேட்கவில்லை.

நான் மெல்லத் தம்பியிடம் பேச்சை எடுத்தேன். “அவளுக்குச் சரித்திரத்தில் ஆசை. அதைப் படிக்க விட்டால் என்ன?” என்றேன்.

“அண்ணா, இது எந்த ஊர் தெரியுமா? ஐடா ஸ்கட்டர் அம்மாள் டாக்டருக்குப் படிக்கத் தீர்மானித்த ஊர். அந்த ஊரில் பிறந்துவிட்டுச் சரித்திரம் படிப்பதாவது!” என்றான்.

தம்பி சொன்னது மெய்தான். 1890-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஜான் ஸ்கட்டர் என்னும் டாக்டர் இங்கே இருந்தார். அவருடைய பெண் ஐடா, நோயுற்ற தாயாருக்குத் துணையாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். ஒரே இரவில் ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். ஆண் டாக்டரை அழைத்துப் போக மூவரும் மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போயினர். அதன் பிறகு ஐடா மருத்துவம் பயின்று 1899-இல் பட்டம் பெற்றதும், மறு ஆண்டு திரும்பி வந்து வேலூரில் வைத்தியம் தொடங்கியதும், 1918-இல் அங்கே பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஏற்படுத்தியதும் உலகமறிந்த கதை.

ஆனால் அந்தக் கதையில் என் தம்பி பார்க்கத் தவறிய ஓர் அம்சம் உண்டு. அந்த இரவுக்கு முன் ஐடாவுக்கு டாக்டராகும் எண்ணமே கிடையாது. இந்த ஊரை விட்டு எப்போது கப்பலேறுவோம் என்று காத்திருந்த பெண் அவள். அவளை எவரும் பயிற்சிக் கூடத்தில் கொண்டுபோய் அடைக்கவில்லை. கதவு தட்டப்பட்டது, உள்ளே ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது. தட்டுவது வேறு, உடைப்பது வேறு அல்லவா? இதைச் சொன்னேன். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டான்.

அந்தச் சமயத்தில் நானும் என் மனையாளும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தோம். அவளுடைய தமையன் மகன் அங்கே பாங்கியில் உத்தியோகம் பார்க்கிறான். ‘பெண்ணையும் அழைத்துப் போகிறோமே’ என்று கேட்டதற்குத் தம்பி மறுக்கவில்லை. அவனுக்கும் உள்ளூரப் பயந்தான்.

கல்கத்தாவில் மூன்றாம் நாள், பார்க் தெருவில், ஒரு பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் மாட்டிக்கொண்டோம். பெண் குழந்தைகள் மழையில் குடைகளோடு வெள்ளம்போல் வந்தார்கள். பெரும்பாலோர் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பள்ளியின் சின்னத்திலோ ஆறு முனை நட்சத்திரம். பெயர்ப் பலகையிலோ ‘யூதப் பெண்கள் பள்ளி’. என் தம்பி மகள் பத்து நாளைக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்து, “இது எப்படிப் பெரியப்பா?” என்று கேட்டாள்.

ஒரு கேள்வி! எனக்கு உண்டான சந்தோஷத்தில், தெரிந்ததையெல்லாம் நடைபாதையிலேயே கொட்டத் தொடங்கிவிட்டேன். நேயர்களுக்கும் அதையே சொல்லுகிறேன்.

1798-இல் அலெப்போ நகரத்திலிருந்து ஷாலோம் கோஹன் என்னும் யூத வணிகர் கல்கத்தாவில் வந்து குடியேறினார். அவரைத் தொடர்ந்து பாக்தாதிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் பல குடும்பங்கள் வந்தன. வியாபாரத்தில் பெருகின, ஜெப ஆலயங்கள் கட்டின. பெண் குழந்தைகள் மட்டும் மிஷனாரிப் பள்ளிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நம்மவர்களுக்கு அந்த நாளில் இருந்த அதே கவலை அவர்களுக்கும் இருந்தது. கல்வி வேண்டும், ஆனால் அதற்கு விலையாகத் தன் பாட்டி சொன்ன கதையைக் கொடுத்துவிடவும் கூடாது. 1881-இல் தங்கள் பெண்களுக்குத் தாங்களே ஒரு பள்ளி வைத்துக்கொண்டார்கள். முதலில் அது போலக் தெருவில், ஜெப ஆலயத்தின் அருகே இருந்தது. பிற்பாடு பார்க் தெருவுக்கு வந்தது.

உலக யுத்த காலத்தில், ஜப்பானியர் பர்மாவில் புகுந்தபோது, ரங்கூனிலிருந்து ஓடிவந்த யூதர்களும் கல்கத்தாவில் தஞ்சம் புகுந்தார்கள். அதே பாதையில் நம் தமிழ் மக்கள் கால்நடையாக வந்து மாண்டதும் மீண்டதும் இவ்வூரில் பல வீடுகளுக்குத் தெரிந்த கதைதான். சுமார் ஐயாயிரம் பேர்வரை வளர்ந்த அந்தச் சமூகம், 1947-க்குப் பிறகு இங்கிலாந்து, இஸ்ரேல், ஆஸ்திரேலியா என்று கலைந்து போயிற்று. இப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே எஞ்சியிருக்கிறார்கள். பள்ளியில் யூத மாணவி ஒருத்திகூட இல்லை. ஆனால் பள்ளி நடக்கிறது. தங்கள் குழந்தைகளுக்காகக் கட்டிய வீட்டை அயல் வீட்டுக் குழந்தைகளுக்குத் திறந்து விட்டுவிட்டார்கள். 1884-இல் கட்டிய மேகன் டேவிட் ஜெப ஆலயத்தையும் அன்று மாலை பார்த்தோம். அதைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வருவது ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பத்தார். தேச ஒற்றுமை பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். (போகிறவர்கள் 1902-இல் தொடங்கி இப்போது புது மார்க்கெட்டில் இருந்துவரும் நஹூம் கடைக் கேக்கையும் விட்டுவிட வேண்டாம். என் மனையாள் மட்டும் “முட்டை உண்டா?” என்று கேட்டாள். ‘உண்டு’ என்று பதில் வந்ததும் கண்ணாடிப் பெட்டியை வெகு நேரம் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.)

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெண் மறுபடியும் வந்து உட்கார்ந்தாள். “அவர்கள் ஏன் படிப்புக்கு இவ்வளவு பாடுபட்டார்கள்?” என்றாள். நான் அவளுக்குத் தேன் சமாசாரத்தைச் சொன்னேன்.

நம் வீடுகளில் விஜயதசமியன்று குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். மத்திய காலத்தில் ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் வாழ்ந்த யூதர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் குழந்தையைப் போர்வையால் மூடிப் பத்திரமாக ஆசிரியரிடம் தூக்கிச் செல்வார்கள். ஆசிரியர் தம் மடியில் உட்கார வைத்துக்கொள்வார். பலகையில் அகர வரிசை எழுதியிருக்கும். எழுத்துக்களைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பலகையின்மேல் தேனைத் தடவுவார். குழந்தை அதை நக்கும். எழுத்து இனிக்கிறது என்பதை அறிவுக்குச் சொல்லுமுன் நாக்குக்குச் சொல்லிவிடுகிறார்கள்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் பாட்டனாரின் அண்ணாவி, ‘இப்போது கசக்கும், பின்னால் இனிக்கும்’ என்றார். தேன் தடவிய உபாத்தியாயரோ, ‘இப்போதே இனிக்கிறது பார்’ என்கிறார். யூதர்களிடம் பிரம்பு இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர்களுடைய பழைய நூலான தால்முதிலேயே, அடிப்பதானால் செருப்பு வாரால் மட்டும் அடிக்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. விதி செய்யவேண்டி வந்தது என்றால் அடி விழுந்திருக்கிறது என்றுதானே பொருள்? ஐரோப்பியக் கிராமப் பள்ளிகளில் படித்தவர்கள் எழுதிய நினைவுகளிலும் பிரம்பின் ஓசை கேட்கிறது. தேன் ஒருநாள், பிரம்பு பலநாள் என்றும் இருந்திருக்கும். ஆயினும் அந்த ஒரு நாளை அவர்கள் விட்டுவிடவில்லை.

அதே நூலில் இன்னொரு விதி. கி.பி. முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்னும் தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியர்களை அமர்த்தி, ஆறு ஏழு வயதுக் குழந்தைகளை அவர்களிடம் சேர்க்கும் ஏற்பாட்டைச் செய்தாராம். ஓர் ஆசிரியருக்கு இருபத்தைந்து பிள்ளைகள். நாற்பது பேர் ஆனால் உதவியாளர் ஒருவர். ஐம்பது ஆனால் இரண்டு ஆசிரியர்கள். இதைக் கேட்டதும் பெண் சிரித்தே விட்டாள். அவளுடைய பயிற்சிக் கூடத்தில் ஒரே மண்டபத்தில் நூற்றுக்கு மேல் பேர் உட்கார்ந்திருப்பார்களாம்; பின் வரிசைக்காரர்களுக்கு உபாத்தியாயர் திரையில் தெரிவாராம்.

அவர்கள் படிக்கும் முறையும் விசித்திரமானது. பெரிய பாடசாலைகளில் இருவர் இருவராக எதிரெதிரே அமர்ந்து, ஒரு நூலை நடுவே வைத்துக்கொண்டு, உரத்த குரலில் ஒருவரை ஒருவர் மறுத்து வாதிப்பார்கள். நம் திண்ணைப் பள்ளியிலும் சத்தம் உண்டு. ஆனால் அது முப்பது வாயிலிருந்து வரும் ஒரே சத்தம். அங்கே அறுபது வாயிலிருந்து அறுபது சத்தம். ஜோடியில் ஒருவன் தப்புச் சொன்னால் மற்றவனுக்கு அதனால் லாபம் ஒன்றுமில்லை. அவனும் சேர்ந்து யோசிக்க வேண்டியதுதான். இங்கே பக்கத்துப் பெஞ்சுக்காரியின் மார்க்கு குறைந்தால் நமக்கு ஓர் இடம் கூடுகிறது. இரண்டு வருஷம் தன் சிநேகிதியின் தோல்வியை எதிர்பார்த்துக் கொண்டிருந்ததுதான் தன்னைத் தின்றுவிட்டது என்று அந்தப் பெண் அப்போது சொன்னாள். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

யூதர்களின் பண்டிகைகளில் ஒன்றுக்குச் ‘சிம்ஹத் தோரா’ என்று பெயர். ‘தோராவின் ஆனந்தம்’ என்று பொருள். தோரா என்பது அவர்களுடைய வேதம். தோல் சுருளில் கையால் எழுதிய அந்த நூலை வாரம் ஒரு பகுதியாக ஆண்டு முழுவதும் வாசித்து வருவார்கள். கடைசிப் பகுதி முடியும் நாளில் சுருள்களைக் கையில் ஏந்திப் பாடி ஆடுவார்கள். அன்றே, அந்த இடத்திலேயே, முதல் அத்தியாயத்தை மறுபடியும் தொடங்கிவிடுவார்கள். நாம் பரீட்சை முடிந்ததும் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுகிறோம். அவர்கள் முடித்ததற்காக ஆடுகிறார்களா, மறுபடி தொடங்கப் போகிறதற்காக ஆடுகிறார்களா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. நமக்கு அண்டையிலுள்ள கொச்சியில் இந்தப் பண்டிகை வெகு விமரிசையாக நடந்து வந்தது. 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில் விளக்குகள் எரிய, பெண்களும் குழந்தைகளும் பாடுவார்கள். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகு அந்தக் கோலாகலமும் போய்விட்டது.

கொச்சியைப் பற்றிச் சொல்லும்போது ஆபிரகாம் பராக் சேலத்தைச் சொல்லாமல் விடலாகாது. 1882-இல் பிறந்தவர். விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சம் என்று சொல்லி, பரதேசி ஆலயத்தில் அவருடைய கூட்டத்தாரை மற்றவர்களோடு சமமாக உட்கார விடுவதில்லை. வேதம் வாசிக்க அழைப்பதும் இல்லை. நம் ஊர்க் கதைபோலவே இருக்கிறது அல்லவா? சேலம் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்தார், சென்னையில் சட்டம் படித்தார், வழக்கறிஞரானார், 1929-இல் லாகூர்க் காங்கிரசுக்கும் போய்வந்தார். காந்தி வழியில் தம் சொந்த ஆலயத்திலேயே சத்தியாக்கிரகம் செய்தார். ‘யூதர்களின் காந்தி’ என்ற பெயரும் பெற்றார். தடைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தேன் தடவிய பலகையைச் சிலருக்கு மட்டும் நீட்டுகிற குற்றம் எந்தச் சமூகத்துக்கும் புதிதில்லை போலும்.

பெண் கேட்டுக்கொண்டே இருந்தாள். மறுநாள் அவளே தேடிப் பிடித்து எனக்கொரு கதை சொன்னாள். ரெஜினா குஹா என்னும் பெண்மணியின் கதை. தகப்பனார் வங்காளி வழக்கறிஞர். தாயார் யூதக் குலத்தவர். ரெஜினா சட்டப் பட்டம் பெற்று, அலிப்பூர்க் கோர்ட்டில் வழக்காட அனுமதி கேட்டு மனுச் செய்தார். 1916-இல் கல்கத்தா ஹைகோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கூடி ஆலோசித்து, சட்டத்தில் ‘ஆள்’ என்று சொல்லியிருப்பது பெண்ணைக் குறிக்காது என்று தீர்ப்புச் சொன்னார்கள். சில ஆண்டுகளில் அவர் இளமையிலேயே காலமானார். பெண்கள் வக்கீல் தொழில் செய்யலாம் என்ற சட்டம் 1923-இல் வந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. நாங்கள் வாசலில் நின்று பார்த்தோமே, அதே யூதப் பெண்கள் பள்ளிக்கு அவர் தலைமை ஆசிரியையாக இருந்தவர். கல்கத்தா சர்வகலாசாலையில் ஆங்கில எம்.ஏ. பரீட்சையில் முதலாவதாகத் தேறுகிறவர்களுக்கென்று அவர் பெயரால் ஒரு பதக்கமும் ஏற்பட்டது. அவருடைய சகோதரி ஹன்னா சேன், 1932-இல் டில்லியில் தொடங்கிய லேடி இர்வின் கல்லூரியின் முதல் தலைவியானார். பின்னர் ராஜ்ய சபையிலும் அங்கத்தினராக இருந்தார்.

பம்பாயில் இன்னொருவர்: ரெபெக்கா ரூபன். 1905-இல் பம்பாய் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் ஆண்களையெல்லாம் தாண்டி முதலாவதாகத் தேறிய பெண். அந்த நாளில் அப்படித் தேறியவர் எந்த உத்தியோகத்துக்கும் ஆசைப்பட்டிருக்கலாம். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டும் வந்தார். வந்து செய்தது என்ன? தம் சமூகத்தாரான பெனே இஸ்ரவேலர் 1875-இல் தொடங்கிய பள்ளிக்கு 1922-இல் தலைமை ஆசிரியையாகி, 1950 வரையில் அங்கேயே இருந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷம்! இதைத் தியாகம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ, தியாகம் செய்கிறவரால் இருபத்தெட்டு வருஷம் தாங்க முடியாது என்றே தோன்றுகிறது. பிடித்த காரியத்தில் இருந்தவரால்தான் முடியும்.

ஊர் திரும்பிய அன்று இரவு தம்பி வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வறுத்த மல்லாட்டை நடுவே இருந்தது. பெண் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகவில்லை. கல்கத்தாவில் பார்த்ததையெல்லாம் தகப்பனிடம் சொன்னாள். தேன் பலகையைச் சொன்னாள். கடைசியில் ரெஜினா குஹாவின் வழக்கைச் சொன்னாள். தம்பி மல்லாட்டையை உடைத்துக்கொண்டே கேட்டான். தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் சேர்த்துக்கொண்டே வந்தானே தவிர, ஒன்றையும் வாயில் போடவில்லை.

“ஐந்து நீதிபதி சேர்ந்து முடியாது என்று சொன்ன பிறகு, அந்தப் பெண்ணின் அப்பா என்ன சொன்னாராம்?” என்று கேட்டான்.

“அது கிடைக்கவில்லை அப்பா. தேட வேண்டும்” என்றாள்.

வெகு நேரம் பேச்சில்லை. பிறகு, “சரித்திரம் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?” என்றான். இந்தக் கேள்விக்கு நான் ரயிலில் வரும்போதே நாலைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஆசிரியர், சர்க்கார் பரீட்சை, தொல்பொருள் இலாகா என்று வரிசையாக. வாயைத் திறப்பதற்குள் பெண் முந்திக்கொண்டாள்.

“இன்னும் தெரியாது அப்பா. படிக்கப் படிக்கச் சொல்லுகிறேன்.”

விழுப்புரத்துக் கலைக் கல்லூரிக்கான விண்ணப்பம் மண்டியில் தம்பியின் மேஜைமேல் இருக்கிறது. மணிலா மாதிரி வைக்கும் தகர டப்பாவை அதன்மேல் பாரமாக வைத்திருக்கிறான். நேற்று நான் போனபோது டப்பா கொஞ்சம் நகர்ந்திருந்தது. கையெழுத்துப் போடும் இடம் மட்டும் இன்னும் காலியாகத்தான் இருந்தது. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.